சர்வரைக் காப்பவர்

இந்திய ரயில்வேயின் இணையதளத்தில் நள்ளிரவை ஒட்டிப் பயணச்சீட்டு எடுக்க முயன்றவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். இரவு 11.45 மணி அளவில் முன்பதிவு நின்றுவிடும். அரை மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாகக் கழிந்தபின் மீண்டும் தொடங்கும். அது பராமரிப்பிற்கென ஒதுக்கப்பட்ட நேரம். நாம் சற்றே சலித்துக்கொள்கிறோம். 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று கணினியை அணைத்துவிட்டு உறங்கச் செல்கிறோம். அந்த வேளையில் விழித்திருப்பவர் யார்? பராமரிப்பு என்கிறார்களே, அது உண்மையில் என்ன? கணினித் துறையில் இளைஞர்கள் பெருமளவில் பணிபுரியும் நம் நாட்டில், அத்துறைக்குள்ளேயே அதிகம் பேசப்படாத இந்தப் பணியைப் பற்றிச் சற்று விரிவாகக் காண்போம்.

ரயில்வேயின் இணையவழிப் பயணச்சீட்டுச் சேவை 2002-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தொடங்கியது. இன்று தட்கல் பதிவு குளிர்சாதன வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும், மற்ற வகுப்புகளுக்கு 11 மணிக்கும் திறக்கிறது. அந்த நிமிடத்தில் நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் மக்கள் ஒரே கதவைத் தட்டுகிறார்கள். தாயைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்பவர், நேர்முகத் தேர்வுக்குப் புறப்படும் மாணவி, இறப்புச் செய்தி கேட்டு ஊருக்கு ஓடுபவர் என எல்லோரும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய கோரிக்கையைப் பெற்று, இருக்கையை ஒதுக்கி, பணம் வந்ததா என வங்கியைக் கேட்டு, விடையைத் திருப்பி அனுப்பும் கணினிகளையே சர்வர்கள் என்கிறோம். அவற்றை இயங்கும் நிலையில் வைத்திருப்பவர் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர். அலுவலகங்களில் சுருக்கமாக 'அட்மின்' என்பார்கள். இக்கட்டுரையில் அவரை நிர்வாகி என்று குறிப்பிடுவோம்.

மென்பொருள் எழுதுபவர் நேற்று இல்லாத ஒன்றை இன்று உருவாக்கிக் காட்டுகிறார். நிர்வாகியிடம் காட்டுவதற்கு எதுவும் இல்லை. நேற்று இயங்கியது இன்றும் இயங்குகிறது என்பதே அவர் பணியின் பலன். ஒரு சேவை ஆண்டில் 99.9 சதவீத நேரம் கிடைக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதினால், ஆண்டு முழுவதற்கும் சேர்த்து அது நின்றுபோகலாம் என அனுமதிக்கப்படும் நேரம் ஏறத்தாழ 8 மணி 46 நிமிடம். 99.999 சதவீதம் என்று எழுதிவிட்டால் ஐந்தே கால் நிமிடம்தான். நள்ளிரவில் தொலைபேசி ஒலித்து, அவர் எழுந்து, கண்ணாடியைத் தேடி எடுத்து, கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் அந்த ஆண்டுக்கான அனுமதி முழுவதும் தீர்ந்துவிடக்கூடும்! ஒப்பந்தம் எழுதுபவர்கள் கடைசி ஒன்பதைச் சேர்க்குமுன் அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அன்றாடப் பணி

நவி மும்பை, ஹைதராபாத், நொய்டா, பெங்களூரு, சென்னை போன்ற நகரங்களில் பெரிய தரவு மையங்கள் உள்ளன. சாளரமற்ற கூடங்கள், இரும்பு அடுக்குகளில் வரிசை வரிசையாகக் கணினிகள், அவற்றின் வெப்பத்தை வெளியேற்ற ஓயாது சுழலும் விசிறிகளின் இரைச்சல். மின்சாரம் நின்றால் முதலில் மின்கலங்கள் பொறுப்பேற்கும். சில நொடிகளில் டீசல் ஜெனரேட்டர் இயங்கத் தொடங்கும். இன்று நிர்வாகிகளில் பலர் தாம் காக்கும் இயந்திரத்தை ஒருமுறைகூட நேரில் கண்டதில்லை. வேறொரு நிறுவனத்தின் கூடத்தில் உள்ள கணினியை வாடகைக்கு எடுத்து, தொலைவிலிருந்தே கவனித்துக்கொள்கிறார்கள். இயந்திரம் எங்கிருந்தாலும் கவலைகள் மாறுவதில்லை.

அவருடைய காலைப் பொழுது பெரும்பாலும் பார்ப்பதிலேயே செல்கிறது. இரவில் எந்த வேலை முடிந்தது, எது முடியவில்லை? எந்தச் சர்வரில் நினைவகம் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் செலவாகிறது? பணியிலிருந்து விலகியவரின் கணக்கு இன்னும் திறந்திருக்கிறதா? வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சர்வர் நின்றுபோவதற்கு ஏதோ பெரிய காரணம் இருக்க வேண்டும் என்று எண்ணுகிறார்கள். அனுபவமுள்ள நிர்வாகியைக் கேட்டால், ஹார்டு டிஸ்க் நிரம்பிவிட்டது என்பதைத்தான் முதலில் கூறுவார். ஒவ்வொரு நிகழ்வையும் குறித்துவைக்கும் லாக் என்னும் பதிவேடு நாள்தோறும் வளர்கிறது. அதைச் சுருக்கவோ வேறிடத்திற்கு மாற்றவோ யாரும் ஏற்பாடு செய்யவில்லை. ஒருநாள் எழுத இடமில்லாமல் எல்லாம் நிற்கிறது. டிஸ்க் 80 சதவீதம் நிரம்பியதும் தெரிவிக்கும்படி ஒரு சிறு எச்சரிக்கை அமைத்திருந்தால் போதும். அது பத்து நிமிட வேலை.

பாதுகாப்புச் சான்றிதழ்களும் அத்தகையவைதான். நாம் பார்க்கும் இணையதளம் உண்மையானதுதான் என்று உறுதி கூறும் மின்னணுச் சான்றிதழுக்குக் காலாவதி நாள் உண்டு. அதை யாராவது புதுப்பிக்க வேண்டும். 2018-ஆம் ஆண்டு டிசம்பர் 6 அன்று, எரிக்சன் நிறுவனத்தின் மென்பொருளில் இருந்த ஒரு சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. பிரிட்டனில் ஓ2 நிறுவனத்தின் கோடிக்கணக்கான வாடிக்கையாளர்கள் ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் கைபேசியில் இணையத் தொடர்பின்றித் தவித்தார்கள். நாட்காட்டியில் குறித்துவைத்திருக்க வேண்டிய ஒரு தேதி அவ்வளவு பேரைப் பாதித்தது.

திருத்தங்களை எப்போது ஏற்பது என்பது இதைவிடக் கடினமான கேள்வி. மென்பொருளில் ஒரு பலவீனம் கண்டறியப்பட்டால், அதை உருவாக்கிய நிறுவனம் 'பேட்ச்' என்னும் திருத்தத்தை வெளியிடுகிறது. மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் மாதத்தில் அப்படி ஒன்றை வெளியிட்டது. இரண்டு மாதங்களாகியும் பலர் அதை நிறுவவில்லை. மே 12 அன்று 'வான்னாகிரை' என்ற தீநிரல் அதே பலவீனத்தின் வழியாக உலகெங்கும் பரவியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பல நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. ஆகவே, தாமதம் ஆபத்து. அப்படியானால், வந்தவுடன் ஏற்றுவது நல்லதா? 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பு ஒன்று, ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை ஒரே நாளில் செயலிழக்கச் செய்தது. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் தரப்பட்டது நினைவிருக்கலாம். பழுதான கணினிகளில் பலவற்றை ஒவ்வொன்றாக அணுகி, குறிப்பிட்ட கோப்பைக் கையால் நீக்கித்தான் உயிர்ப்பிக்க முடிந்தது. நிர்வாகிகள் அந்த வார இறுதியை அவ்வாறே கழித்தார்கள்.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளிலிருந்தும் விவேகமுள்ள நிர்வாகி வகுத்துக்கொள்ளும் நடைமுறை ஒன்றுண்டு. திருத்தம் வந்தவுடன் முக்கியமல்லாத ஒன்றிரண்டு கணினிகளில் முதலில் நிறுவுகிறார், ஒருநாள் கவனிக்கிறார், பிறகு சிறு தொகுதியாக, பிறகு எல்லாவற்றிலும். எத்தனை நாள் காத்திருப்பது என்பதற்குச் சூத்திரம் இல்லை. பலவீனம் எவ்வளவு கொடியது, சர்வர் வெளியுலகிற்கு எவ்வளவு திறந்திருக்கிறது என்பவற்றை எடைபோட்டு அவரே தீர்மானிக்க வேண்டும்.

அளவற்ற அதிகாரம்

யூனிக்ஸ், லினக்ஸ் வகைச் சர்வர்களில் 'ரூட்' என்று ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் நுழைந்தவருக்குத் தடை என்பதே இல்லை. எவருடைய கோப்பையும் திறக்கலாம், மின்னஞ்சலைப் படிக்கலாம், எல்லாவற்றையும் அழிக்கலாம். 'உறுதியாகத்தானா?' என்று கணினி பெரும்பாலும் கேட்பதுகூட இல்லை. ஒரு நிறுவனத்தின் தலைவரே காண முடியாதவற்றை, அங்கு பணியில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத இளம் நிர்வாகி காண முடியும். யாருடைய சம்பளம் எவ்வளவு, யார் வேறு வேலை தேடுகிறார், யாருக்கு என்ன நோய் என்பதெல்லாம் அவர் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன.

இந்த அதிகாரத்தைத் தேவையான நேரத்திற்கு மட்டும் எடுத்துக்கொள்ள 'சூடோ' என்ற கட்டளை உதவுகிறது. 1980-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் உள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இது உருவானது. அதை ஒருவர் முதன்முறையாகப் பயன்படுத்தும்போது திரையில் ஒரு சிறு உபதேசம் தோன்றுவது வழக்கம். பிறருடைய அந்தரங்கத்தை மதிக்க வேண்டும் என்பது அதில் முதலாவது. விசையை அழுத்துமுன் சிந்திக்க வேண்டும் என்பது இரண்டாவது. பெரிய அதிகாரத்துடன் பெரிய பொறுப்பும் சேர்ந்தே வருகிறது என்பது மூன்றாவது. உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் இதைக் கண்டு, படிக்காமலே கடந்துபோயிருப்பார்கள்! ஆயினும் வரிசை கவனிக்கத்தக்கது. கணினிக்கு ஏற்படும் சேதத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே மனிதருடைய அந்தரங்கத்தைப் பற்றிப் பேசுகிறது அந்த அறிவிப்பு.

நல்ல நிர்வாகிகள் இதற்குச் சில வழக்கங்களைக் கொண்டிருக்கிறார்கள். பழுது நீக்கும்போது ஒருவரது அஞ்சற்பெட்டியைத் திறக்க நேர்ந்தால் அவரிடம் முன்னதாகக் கூறிவிடுகிறார்கள். கண்ணில் பட்டதை எவரிடமும் பேசுவதில்லை. தாம் ரூட் அதிகாரத்தில் செய்த ஒவ்வொன்றும் வேறொரு சர்வரில் பதிவாகும்படி தாமே ஏற்பாடு செய்கிறார்கள். தன்னைக் கண்காணிக்கும் பதிவேட்டைத் தானே அழிக்க முடியாத இடத்தில் வைப்பது விசித்திரமாகத் தோன்றலாம். ஒருநாள் ஏதேனும் காணாமற்போனால், அவருடைய நேர்மைக்குச் சாட்சி கூறப்போவது அந்தப் பதிவேடுதான்.

அத்தகைய பதிவேடுகளுக்கு இப்போது சட்டத்தின் தேவையும் சேர்ந்துள்ளது. இந்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான 'செர்ட்-இன்' 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணைகளின்படி, லாக்குகளை 180 நாட்கள் பாதுகாக்க வேண்டும். தாக்குதல் நிகழ்ந்ததை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். கணினிகளின் கடிகாரங்களை, தேசிய தகவலியல் மையம் அல்லது தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் வழங்கும் நேரத்துடன் இசைவிக்க வேண்டும். கடிகாரத்திற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? பத்துச் சர்வர்களின் பதிவேடுகளை அருகருகே வைத்துத்தான் எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று அறிய முடியும். ஒன்றின் கடிகாரம் மூன்று நிமிடம் பிந்தியிருந்தால் காரணம் விளைவாகவும், விளைவு காரணமாகவும் தோன்றிவிடும்.

ஒரு தவறான சர்வர்

இப்பணியைக் கற்க விரும்பும் எவரும் அவசியம் அறிந்திருக்க வேண்டிய நிகழ்ச்சி ஒன்று 2017-ஆம் ஆண்டு ஜனவரி 31 அன்று நடந்தது. கிட்லேப் என்பது மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் ஒரு சேவை. அதன் தரவுத்தளம் முதன்மைச் சர்வர் ஒன்றில் இருந்தது. அதன் பிரதி இரண்டாம் சர்வரில் இருந்தது. அன்று மாலை முதல் அதிகச் சுமையால் பிரதியெடுத்தல் தடைப்பட்டது. நெதர்லாந்தில் இருந்த பொறியாளர் ஒருவர் அதைச் சரிசெய்ய முயன்றுகொண்டிருந்தார். இரவு நெடுநேரமாகிவிட்டதால் வேலையை முடித்துக்கொள்வதாக ஏற்கெனவே கூறியிருந்தார். சிக்கல் தீராததால் தொடர்ந்தார். பிரதியெடுக்கும் கட்டளை எந்தச் செய்தியும் காட்டாமல் நின்றது. இரண்டாம் சர்வரில் உள்ள பழைய கோப்புறை இடையூறாக இருக்கலாம் என்று கருதி அதை அழிக்கும் கட்டளையை இட்டார். ஓரிரு நொடிகளில் அவருக்கு விளங்கிவிட்டது: அவர் நின்றுகொண்டிருந்தது முதன்மைச் சர்வரில். உடனே நிறுத்தினார். ஏறத்தாழ 300 கிகாபைட் தரவில் எஞ்சியது 4.5 கிகாபைட்.

இனிமேல்தான் உண்மையான பாடம் தொடங்குகிறது. 'பேக்கப் இருக்கிறதே' என்று எவரும் எண்ணுவர். அவர்களிடம் ஒன்றல்ல, பல ஏற்பாடுகள் இருந்தன. நாள்தோறும் தரவுத்தளத்தின் நகல் தொலைவில் உள்ள சேமிப்பகத்திற்குச் செல்லும்படி அமைத்திருந்தார்கள். சென்று பார்த்தபோது அந்தச் சேமிப்பகம் காலியாக இருந்தது! நகலெடுக்கும் கருவி தரவுத்தளத்தின் பதிப்புடன் பொருந்தாத பழைய பதிப்பாக இருந்ததால், ஒவ்வொரு முறையும் தோல்வியடைந்தே வந்திருக்கிறது. தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் புறப்பட்டன. ஆனால், அனுப்புநர் பற்றிய சரிபார்ப்பில் தேறாததால் அவற்றைப் பெறும் அஞ்சல் சர்வர் ஏற்க மறுத்துவிட்டது. சர்வர்களின் டிஸ்க்கை அப்படியே படமெடுத்து வைக்கும் வசதி வேறு சில சர்வர்களுக்கு இருந்தது. தரவுத்தளச் சர்வர்களுக்கு அதை இயக்கவில்லை. பிரதியாக இருந்த இரண்டாம் சர்வரோ அதற்கு முன்பே பழுது நீக்குவதற்காகத் துடைக்கப்பட்டுவிட்டது.

அவர்களைக் காப்பாற்றியது தற்செயலான ஒன்று. அன்று மாலை, ஏறத்தாழ ஆறு மணி நேரத்திற்கு முன், அதே பொறியாளர் வேறொரு சோதனைக்காகக் கையால் ஒரு நகல் எடுத்திருந்தார். அந்த நகல் மெதுவான டிஸ்க்குகளில் இருந்ததால், அதைத் திரும்பக் கொண்டுவரவே ஏறத்தாழ 18 மணி நேரம் ஆயிற்று. இடைப்பட்ட நேரத்தில் பயனர்கள் உருவாக்கியவற்றில் ஏறத்தாழ 5,000 திட்டங்களும், 5,000 குறிப்புகளும், 700 புதிய கணக்குகளும் பாதிக்கப்பட்டன.

தவறான சர்வரில் கட்டளையிட்டது ஒரு நொடிப் பிழை. அத்தகைய பிழை நாளையும் நிகழும்; எந்த அலுவலகத்திலும் நிகழும். நம் சிந்தனைக்கு உரியது, அதற்கு முந்தைய எத்தனையோ அமைதியான நாட்கள். அந்நாட்களில் ஒருவராவது சேமிப்பகத்தைத் திறந்து, 'நேற்றைய நகல் உள்ளதா?' என்று பார்த்திருந்தால் அந்த இரவு வேறு விதமாக முடிந்திருக்கும். ஏற்பாடு செய்தாயிற்று என்ற நினைவே பார்க்க வேண்டிய கண்ணை மூடிவிட்டது. சிரத்தை என்ற சொல்லை நாம் பல இடங்களில் பயன்படுத்துகிறோம். நிர்வாகியின் பணியில் அதற்குப் பொருள் மிக எளியது: நேற்றைய நகலை இன்று திறந்து பார்ப்பது.

அந்த நிறுவனம் பிறகு நடந்துகொண்ட விதமும் குறிப்பிடத்தக்கது. மீட்புப் பணியை மறைக்கவில்லை; இணையத்தில் நேரலையாகவே காட்டினார்கள், ஆயிரக்கணக்கானோர் பார்த்தார்கள். என்னென்ன ஏற்பாடுகள் ஏன் தோற்றன என்பதை விரிவான அறிக்கையாகப் பின்னர் வெளியிட்டார்கள். பொறியாளரைப் பணிநீக்கம் செய்யவும் இல்லை. நாம் மேலே அறிந்தவை அனைத்தும் அந்த வெளிப்படையால் கிடைத்தவை. பழி ஒருவர் மேல் விழுந்திருந்தால், அவர் தவறான சர்வரில் இருந்தார் என்பதோடு விசாரணை முடிந்திருக்கும். மறுக்கப்பட்ட மின்னஞ்சல்களைப் பற்றி எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

தில்லியில் நடந்தது

நம் நாட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியை இத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும். 2022-ஆம் ஆண்டு நவம்பர் 23 அன்று காலை, தில்லியில் உள்ள அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் கணினிகள் முடங்கின. தரவுகளைப் பூட்டிவைக்கும் தீநிரல் ஒன்று உள்ளே நுழைந்திருந்தது. நாடெங்கிலுமிருந்து ஏழை நோயாளிகள் வந்து சேரும் மருத்துவமனை அது. புறநோயாளர் பதிவும், பரிசோதனை முடிவுகளும், கட்டணமும், அனுமதியும் விடுவிப்பும் காகிதத்திற்கு மாறின. இரத்தப் பரிசோதனை முடிவு கணினியில் வராததால் ஊழியர்கள் தாளைச் சுமந்துகொண்டு மாடி மாடியாக நடந்தார்கள். வழக்கமான கணினிப் பதிவு திரும்ப ஏறத்தாழ இரண்டு வாரங்களாயின.

நாடாளுமன்றத்தில் அரசு அளித்த பதில்களின்படி, ஐந்து சர்வர்களில் ஏறத்தாழ 1.3 டெராபைட் அளவிலான தரவு பூட்டப்பட்டிருந்தது. உள் வலையமைப்பு சரியாகப் பகுக்கப்படாததும் ஒரு காரணம் என்று கூறப்பட்டது. அறைகளுக்கிடையே கதவே இல்லாத வீட்டில் ஓரறையில் பற்றிய தீ மற்ற அறைகளுக்கும் பரவும் அல்லவா? வலையமைப்பைப் பகுப்பது என்பது அந்த இடைக்கதவுகளை அமைப்பதுதான். ஆயினும் அதே பதில்களில் மற்றொரு செய்தியும் உள்ளது. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்து மருத்துவமனை மென்பொருளின் தரவு முழுவதும் மீட்கப்பட்டு, புதிய சர்வர்களில் ஏற்றப்பட்டது. நோயாளிகளுக்கு நேர்ந்த இரண்டு வார அல்லல் பெரிது. அந்த ஒரு சர்வரும் பூட்டப்பட்டிருந்தால் ஒவ்வொரு நோயாளியின் முந்தைய வரலாறும் என்னவாகியிருக்கும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

மீட்டுப் பார்த்தல்

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய எளிய விதி ஒன்றை நிர்வாகிகள் எல்லோரும் அறிவர். தரவுக்கு மூன்று நகல்கள் வேண்டும். அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறு இடத்தில் இருக்க வேண்டும். தம் படங்களை இழக்க விரும்பாத ஒரு கலைஞரிடமிருந்து சர்வர் நிர்வாகிகள் இதைக் கற்றது சுவையான செய்திதான். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று தீக்கிரையானது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சிலருக்கு எதுவும் மிஞ்சவில்லை. தீநிரல்களின் காலத்தில் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறார்கள்: ஒரு நகலாவது வலையமைப்பிலிருந்து முற்றிலும் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தபின்னும் அது பாதி வேலையே. மாதத்திற்கு ஒருமுறை ஏதேனும் ஒரு கோப்பைக் குறிப்பின்றித் தேர்ந்தெடுத்து, பேக்கப்பிலிருந்து மீட்டுத் திறந்து பார்க்க வேண்டும். மூன்று மாதங்களுக்கு ஒருமுறையாவது, காலியான ஒரு கணினியில் தரவுத்தளம் முழுவதையும் மீட்டு, அது இயங்குகிறதா என்று காண வேண்டும். அதற்கு எவ்வளவு நேரமாகிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். 'நான்கு மணி நேரத்தில் மீட்டுவிடலாம்' என்று மேலதிகாரியிடம் சொல்லிவைத்திருப்போம்; ஒத்திகையில் 18 மணி நேரம் என்று தெரியவரும். அந்த வேறுபாட்டை அமைதியான செவ்வாய்க்கிழமை ஒன்றில் அறிவது நல்லது. பேக்கப்பை அமைத்தவரே ஒத்திகை செய்தால் குறைகள் வெளிப்படா. அவருக்கு எல்லாம் மனப்பாடம். குறிப்பேட்டை மட்டும் கையில் கொடுத்து, புதிதாக வந்தவரைச் செய்யச் சொல்ல வேண்டும். அவர் எங்கே திகைத்து நிற்கிறாரோ அங்கே குறிப்பேட்டில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

பல அலுவலகங்களில் இதற்கு நேரம் ஒதுக்குவதில்லை என்பதே நிர்வாகிகளின் குறை. ஒத்திகைக்கென ஒரு காலிக் கணினி கேட்டால் 'எதற்குச் செலவு?' என்று கேட்கிறார்கள். இக்கேள்வியை வாதத்தால் வெல்வது கடினம். ஒரே ஒரு ஒத்திகையை நடத்தி, கண்டறிந்த குறைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் பலிக்கிறது.

உறக்கமும் குறிப்பேடும்

நிர்வாகியின் வாழ்வில் உறக்கம் ஒரு தொழில்நுட்பப் பிரச்சினை. சர்வரில் மாற்றம் செய்ய உகந்த நேரம் பிறர் உறங்கும் நேரம். சனிக்கிழமை இரவும், தீபாவளி விடுமுறையும், நிதியாண்டின் இறுதி நாளான மார்ச் 31-ஐ ஒட்டிய நாட்களும் அவருக்கு மற்றவர்களைப்போல் அமைவதில்லை. வீட்டில் ஒலிக்கும் தொலைபேசி அவரை மட்டும் எழுப்புவதில்லை. கைக்குழந்தை இருந்தால் அதுவும் விழித்துக்கொள்கிறது. சுழற்சி முறையில் வாரம் ஒருவர் என்று அழைப்புப் பொறுப்பை ஏற்பது சரியான முறை. ஒருவரே ஆண்டு முழுவதும் அதைச் சுமப்பதை அர்ப்பணிப்பு என்று பாராட்டும் அலுவலகங்கள் உண்டு. பாராட்டுவதைவிட இரண்டாவதாக ஒருவரை நியமிப்பது நல்லது. நாம் கண்ட கிட்லேப் நிகழ்ச்சியிலும் உறங்கச் செல்ல வேண்டிய மனிதர்தான் விசைப்பலகையின்முன் அமர்ந்திருந்தார். நள்ளிரவுக்குப்பின் எதையும் அழிப்பதில்லை. அழித்தே ஆகவேண்டுமானால் இன்னொருவரைத் தொலைபேசியில் அழைத்து, கட்டளையை வாய்விட்டுப் படித்துக்காட்டிய பின்பே அழிப்பது என்று சிலர் விதி வைத்திருக்கிறார்கள். முதன்மைச் சர்வரின் திரையைச் சிவப்பு நிறத்தில் அமைத்துக்கொள்வதும் நல்ல வழக்கம். களைத்த கண்ணுக்கும் நிறம் தெரியும்.

எழுதிவைப்பதில்தான் பலர் பின்தங்குகிறார்கள். எல்லாம் தன் தலைக்குள் இருந்தால் தன்னை யாரும் விலக்க முடியாது என்று எண்ணுபவர்களும் உண்டு. அவர்களை விலக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால், அவர்களால் விடுப்பில் செல்லவும் முடியாது!

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கற்பித்த எவி நெமெத் என்ற பெண்மணி இதற்கு நேர்மாறாக வாழ்ந்தவர். கணிதம் பயின்ற அவர், யூனிக்ஸ் சர்வர்களைப் பராமரிப்பதில் அறிந்தவற்றை எல்லாம் சக ஆசிரியர்களுடன் சேர்ந்து ஒரு கையேடாக எழுதினார். 1989-ஆம் ஆண்டு வெளிவந்த அந்நூலைப் படித்து இப்பணிக்கு வந்தவர்கள் உலகெங்கும் உள்ளனர். ஓய்வுபெற்றபின் அவர் கடற்பயணத்தில் ஈடுபட்டார். 2013-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நியூஜிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவை நோக்கி அவர் சென்ற பாய்மரக் கப்பல் புயலில் சிக்கிக் காணாமற்போனது. அவரும் உடன் சென்ற அறுவரும் திரும்பவில்லை. நூலின் ஐந்தாம் பதிப்பு 2017-இல் வெளிவந்தது. உடனாசிரியர்கள் அதைப் புதுக்கியிருந்தார்கள்.

நம் அலுவலகக் குறிப்பேடு அத்தனை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சர்வரும் எதற்காக உள்ளது, எந்த வரிசையில் நிறுத்தி எந்த வரிசையில் இயக்க வேண்டும், பேக்கப் எங்கே உள்ளது, அதை மீட்பது எப்படி, யாரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்பவை இருந்தால் தொடக்கத்திற்குப் போதும். சர்வர் நின்றுவிட்ட வேளையிலும் படிக்க வேண்டுமாதலால் அச்சிட்ட பிரதி ஒன்றும் தேவை. குறிப்பேட்டைச் சர்வருக்குள்ளேயே வைத்துப் பூட்டியவர்களின் கதைகள் இத்துறையில் ஏராளம்.

அது முழுமையாக உள்ளதா என்று அறியச் சில அலுவலகங்களில் ஒரு வழியைக் கையாள்கிறார்கள். நிர்வாகி ஆண்டிற்கு ஒருமுறை தொடர்ந்து பத்து நாள் விடுப்பில் செல்ல வேண்டும். அவருடைய கைபேசி உடன் பணிபுரிபவரிடம் இருக்கும். ஊரில் பிள்ளைகளுடன் இருக்கும் அவரை, வேறு வழியே இல்லாதபோது மட்டும் வீட்டு எண்ணில் அழைக்கலாம். ஒவ்வொரு அழைப்பையும் தேதியுடன் ஒரு தாளில் குறித்துவைக்கிறார்கள். திரும்பி வந்த முதல் நாள் காலையில் அந்தத் தாள் அவருடைய மேசைமேல் இருக்கும். முதல் ஆண்டில் ஏழெட்டு வரிகள் இருக்கலாம். அவர் அன்று வேறு எந்த வேலையையும் தொடுவதில்லை. ஒவ்வொரு வரிக்கும் குறிப்பேட்டில் ஒரு பக்கம் எழுதுகிறார்.